இத்தாலியர்கள் ஏன் 'அல்லோரா' என்று ஆரம்பிக்கிறார்கள்?

மிலானில் முதுகலை படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிளாஸ் போய் இத்தாலியன் படிச்சிட்டுத்தான் வந்தேன். ஆனா இங்கே கேன்டீன்ல பேசறது ஒண்ணும் புரியல. வாயைத் திறந்தா அல்லோரா, முடிச்சா இன்சொம்மா, நடுவுல மூச்சுக்கு மூச்சு ச்சொஎ. இதுக்கெல்லாம் அர்த்தம் இருக்கா, இல்ல சும்மா இழுக்கறாங்களா?"

அர்த்தம் இருக்கிறது. அகராதியில் தேடினால் பாதிதான் கிடைக்கும். 'அந்த வேளையில்' என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து பிறந்தது அல்லோரா. வாக்கியத்துக்கு உள்ளே வந்தால் இன்றும் 'அப்போது' என்றே பொருள். பேச்சின் தொடக்கத்தில் வரும்போது அதன் வேலையே வேறு. இப்படிச் செய்தி எதையும் சொல்லாமல், வரப்போகும் செய்தியை எப்படி எடுத்துக்கொள்வது என்று மட்டும் சொல்லும் சொற்களை இத்தாலிய மொழியியலாளர்கள் 'பேச்சுக் குறிகள்' என்று தனியாகப் பிரித்து ஆராய்கிறார்கள்.

சரி, இவை எதற்கு? 2009ல் வெளியான ஓர் ஆய்வு, இத்தாலியன் உட்பட பத்து மொழிகளில், ஆம்-இல்லை கேள்விகளுக்குப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தது. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சராசரி சுமார் 200 மில்லிவிநாடி. ஆனால் ஒரு படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால், மூளை சொல்லைத் தேடிப் பிடித்து ஒலியாக வெளியே அனுப்ப ஏறக்குறைய 600 மில்லிவிநாடி பிடிக்கிறது. அதுவும் ஒற்றைச் சொல்லுக்கு. கணக்கு உதைக்கிறதல்லவா?

எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தான் சமாளிக்க முடிகிறது. ஆனால் சொல்ல வேண்டியது நீளமான பதிலாக இருந்தால் அந்த அவகாசம் போதாது. பேசாமல் இருந்து யோசிக்கலாமே என்றால், மௌனமும் ஒரு பதில்தான். "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டபின் ஒரு விநாடி இடைவெளி விழுந்தாலே, 'வரமாட்டான் போல' என்று கேட்டவர் நினைத்துவிடுவார். பதிலும் தயாரில்லை, வாயை மூடிக்கொண்டும் இருக்க முடியாது. அல்லோரா பிறப்பது இந்த இக்கட்டில்தான். யோசிக்கத் தேவையே இல்லாமல் நாக்கு நுனியில் நிற்கிற சொல் அது. பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அதே வேலை. துண்டு விழுந்தாயிற்று, ஆள் பின்னால் வருவார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில்தான் முடியும். உயிரொலியை மூச்சு இருக்கும் வரை நீட்டலாம். யோசிக்க இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டுமா, 'அல்லோராஆஆ' என்று கடைசி உயிரை இழுத்தால் போதும். இத்தாலியர்களும் 'எஎஎ' என்று தயங்குவது உண்டு. ஆனால் அது இல்லாமலே, வந்த சொல்லின் வாலையே நீட்டித் தயக்கத்தை அதற்குள் ஒளித்துவைக்கும் வசதி அந்த மொழியின் ஒலியமைப்பிலேயே இருக்கிறது.

எந்தச் சொல்லைப் போட்டு இடம் பிடிக்கிறோம் என்பதும் சும்மா இல்லை. 'அல்லோரா' என்றால் ஒழுங்காக ஒரு விளக்கம் வரப்போகிறது. 'மஹ்' என்றால் சந்தேகம். 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நியென்தே'யில் ஆரம்பித்துத்தான் பலர் முழுக் கதையே சொல்வார்கள்: பெரிய விஷயமில்லை, ஆனாலும் கேள் என்று அர்த்தம். 'இன்சொம்மா'வுக்கு அகராதிப் பொருள் 'மொத்தத்தில்'. எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால், 'ஏதோ ஓடுது' என்று பொருள். ச்சொஎ பிறப்பிலேயே நம் 'அதாவது'தான். 'அது', 'ஆகும்' இரண்டும் ஒட்டியது. சொன்னதைத் திருத்தவும் விளக்கவும் நடுவில் வரும். 1970களின் இளைஞர்கள் இதை ஓயாமல் சொன்னதாகப் பெரியவர்கள் கிண்டலடித்தார்கள். 1980ல் பதின்வயதுப் பெண்களுக்கான ஒரு பத்திரிகை இந்தச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு வந்துவிட்டது.

அப்புறம், வேண்டுமென்றே மங்கலாகப் பேச உதவும் சொற்கள். கூட்டத்துக்கு ஆளே வரவில்லை என்றால் 'குவாத்ரோ காத்தி' என்பார்கள். நாலு பூனை! நாம் சொல்லும் 'நாலு பேர்' மாதிரி, இந்த நாலையும் எண்ணிப் பார்க்கக் கூடாது. சாப்பிட்ட பின் காலாற நடந்துவிட்டு வந்தால் அது 'இரண்டு அடி'. 'வகை' என்று பொருள்படும் பெயர்ச்சொல்லான 'தீப்போ', 'எட்டு தீப்போ' என்று வந்தால் எட்டு மணி வாக்கில். இன்றைய பையன்கள் அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் அதையே பயன்படுத்துகிறார்கள். சலெர்னோ பல்கலைக்கழகத்தின் மிரியம் வோகேரா இச்சொல்லின் பயணத்தை விரிவாக ஆராய்ந்தவர். இப்படிப்பட்ட மங்கல் தெரியாமையால் வருவதல்ல, பேசுபவரே தேர்ந்தெடுப்பது என்பது அவர் கருத்து. '7.53க்கு வருவேன்' என்று சொல்லிப் பாருங்கள். 7.58க்குப் போனாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் எப்படித் தெரிந்தது? மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் குழு மிலான், ஃப்ளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் நகரங்களில் மக்கள் பேசியதைப் பதிவு செய்து, ஏறக்குறைய 5 லட்சம் சொற்களை எழுத்தாக்கி 1993ல் வெளியிட்டது. இழுத்த இழுப்பு, பாதியில் விட்ட சொல் எல்லாவற்றையும் காதால் கேட்டு எழுதுவது முதுகை ஒடிக்கும் வேலை. இதற்குப் பணம் கேட்டுப் போனால் 'இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?' என்பார்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களுக்குக் கோடி கோடியாய்க் கொட்டலாம், அவற்றில் பலவும் இந்தக் குறிகளைக் குப்பை என்று கழித்துவிட்டுத் தரலாம். மனிதர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்கக் காசில்லை! இந்தச் சொற்களைப் பயன்படுத்துபவருக்கு அறிவு மட்டு என்பது ஆளுமைப் பயிற்சி வகுப்புகள் பரப்பும் மூடநம்பிக்கை. ஜோசியத்துக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மிலான் வாசகருக்கு ஒரு எச்சரிக்கை. 'பியுத்தோஸ்தோ கே' என்ற தொடர் அங்கே நிறையக் காதில் விழும். 'அதைவிட இது மேல்' என்பது அதன் முறையான பொருள். வட இத்தாலியில் பலர் அதை 'அல்லது' என்ற இடத்தில் போடுகிறார்கள்: 'கடல் அல்லது மலை, இப்படி எங்கேயாவது' என்று பட்டியலைத் திறந்தே விட. மொழியியலாளர்களுக்கு இது சுவாரசியமான மாற்றம். 1583ல் ஃப்ளாரன்ஸில் தொடங்கிய, இத்தாலிய மொழிக்கான க்ரூஸ்கா அகாதமிக்கோ இது பிழை, பொருளையே குழப்பும் பிழை. கேன்டீனில் தாராளமாகச் சொல்லுங்கள்; தேர்வுத் தாளில் மட்டும் வேண்டாம்.