மேல்வெப்பமா, ஆழங்குறை வெந்நீரா?

‘படிவுப் படுகையிலுள்ள மேல்வெப்பத் தங்கப் படிவு’ என்னும் தொடரை அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பில் மீண்டும் கண்டேன். படிப்பவர், மிகுந்த வெப்பத்தில் உண்டான தங்கம் வண்டலோடு வண்டலாக நீரடியில் தங்கியது என்றே கொள்வார். இரண்டும் தவறு.

மூலச்சொல் எபிதெர்மல். கிரேக்கத்தில் ‘எபி’ என்பது மேல். ‘தெர்மோஸ்’ என்பது சூடானது. தாதுக்களை அவை விளைந்த ஆழத்தாலும் வெப்பத்தாலும் வகைப்படுத்திய நிலவியலாளர் வால்டெமர் லிண்ட்கிரென், நிலமட்டத்துக்கு அருகில் 50 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விளைந்தவற்றை இப்பெயரால் குறித்தார்; இன்று 300 டிகிரி வரை கொள்கிறார்கள். அதாவது, வெந்நீரால் விளைந்த தாதுக்களில் அவர் வகுத்தவற்றுள் வெப்பம் மிகக் குறைந்த வகைக்குத்தான் நாம் ‘மேல்வெப்பம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மேல்மண் என்பதில் ‘மேல்’ இடத்தைத்தானே குறிக்கிறது என்பர். மண்ணுக்கு மேலும் கீழும் உண்டு. வெப்பமோ அளவு, அளவின்முன் வரும் ‘மேல்’, மேல்வருமானம், மேல்செலவு என்பவற்றில்போல மிகுதியையே உணர்த்தும். அகராதியைப் பார்த்து முன்னொட்டுக்கு முன்னொட்டு வைப்பவர்கள் இதை எண்ணிப்பார்ப்பதில்லை.

‘படிவு’ இன்னும் பெரிய குழப்பம்; அத்தொடரில் வண்டலுக்கும் அதே சொல், தாதுவுக்கும் அதே சொல். ஜப்பானின் ககோஷிமா மாநிலத்திலுள்ள ஹிஷிகாரி சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1981இல் தாது கண்டறியப்பட்ட அங்கே, பாறை விரிசல்களை நிரப்பிய கீற்றுகளான தாது நாளங்களில் பெரும்பகுதி எரிமலைப் பாறைக்கு அடியிலுள்ள பழைய களிப்பாறை, மணற்பாறை அடுக்குகளை ஊடறுத்து நிற்கிறது. அடுக்குகள் கடலில் படிந்தவை, தங்கம் படிந்ததன்று. ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன், விரிசல்கள் வழியே ஏறிய வெந்நீர், அழுத்தம் குறைந்ததும் கொதித்தது. தங்கத்தைக் கரைசலில் பிடித்துவைத்திருந்த கந்தகம் ஆவியோடு பிரிய, தங்கம் வெளிப்பட்டது. நாளத்தை வெட்டிப் பார்த்தால் வெண்ணிறப் படிகக்கல்லினிடையே கரிய கோடுகள் தெரியும். தங்கமும் வெள்ளியும் அக்கோடுகளில்தான் செறிந்துள்ளன. அச்சுரங்கத்தில் இன்றும் 65 டிகிரி அளவில் வெந்நீர் ஊறுகிறது.

ஆகவே ‘ஆழங்குறை வெந்நீர்த் தாது’ என்பதே என் பரிந்துரை. மூலச்சொல்லில் நீர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் லிண்ட்கிரென் அதை வெந்நீர்த் தாதுக்களின் உட்பிரிவாகவே வகுத்தார். ‘படிவு’ என்பதைப் படிவுப் பாறைக்கு மட்டும் விட்டுவிட்டு, ‘படிவுப் பாறையை ஊடறுத்த ஆழங்குறை வெந்நீர்ப் பொன்தாது’ என்று எழுதினால், எது முன்னே வந்தது, எது பின்னே புகுந்தது என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும்.