கல்லா, மணலா: கடலரிப்பு வாதத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பது எப்படி?

புதுச்சேரியில் கடலரிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒருவர் கல் கொட்டச் சொல்வார், இன்னொருவர் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்பார், மூன்றாமவர் துறைமுகத்தையே குறை சொல்வார். ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்வதால் பேச்சு நகராது.

இப்படிப்பட்ட சிக்கல்களைப் பிரித்து வரைபடமாக்க ஆய்வாளர்கள் ஹோர்ஸ்ட் ரிட்டலும் வெர்னர் குன்ஸும் 1970-இல் ‘ஐபிஸ்’ (IBIS) முறையை முன்வைத்தார்கள். மேலே கேள்வி, அதன் கீழே விடைகள், ஒவ்வொரு விடைக்கும் ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள், ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில். டிபேட்கிராஃப் போன்ற இணையக் கருவிகளின் எலும்புக்கூடு இதுவே. கியாலோ என்ற கருவி இன்னும் எளிது: ஒரு கூற்று, கீழே இடப்பக்கம் ஆதரவு, வலப்பக்கம் எதிர்ப்பு.

கேள்வியை அமைப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ‘கடலரிப்புக்கு என்ன வழி?’ என்றால் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ‘துறைமுகத்துக்கு வடக்கே கரையை எப்படிக் காப்பது?’ என்றால் விடைகள் கைக்குள் அடங்கும்: கல் சுவர், தூண்டில் வளைவு, கடலுக்கடியில் செயற்கைத் திட்டு, தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே கொட்டுவது.

அடுத்தது வாக்கியத்தை உடைப்பது. ‘கல்லு கொட்டுனா ரோடு தப்பிக்கும், ஆனா பக்கத்துக் குப்பம் போயிடும்.’ வாக்கியம் ஒன்று, பெட்டி இரண்டு. முன்பாதி கல் சுவருக்கு ஆதரவு, பின்பாதி எதிர்ப்பு. சேர்த்தே விட்டால், பாதியை ஏற்று பாதியை மறுப்பவர் எங்கே எழுதுவார்? ‘ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இங்கே மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது, துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அதைத் தெற்கிலேயே மறிக்கின்றன’ என்பது கல் சுவருக்கு எதிரான வாதம் அல்ல, மணலை அள்ளிக் கொட்டும் விடைக்கு ஆதரவு. தப்பான பெட்டியின் கீழ் தொங்கும் சரியான தகவல்தான் இத்தகைய வரைபடங்களை அதிகம் கெடுக்கிறது.

போலிஸ் (Polis) என்ற இணையக் கருவி வேறு வழி. தைவானில் 2015-இல் ஊபர் வாடகைக் கார் பிரச்சினையை விவாதிக்க இதைப் பயன்படுத்தினார்கள். குறுங்கூற்றுகளுக்கு ஏற்பு, மறுப்பு, தவிர்ப்பு என வாக்களிக்கலாம். பதில் எழுத வழியே இல்லை, அதனால் வாய்ச்சண்டைக்கும் இடமில்லை. ஒரேமாதிரி வாக்களித்தவர்களைக் கணக்கு முறையில் குழுக்களாகச் சேர்த்து, எல்லாக் குழுவும் ஏற்கும் கூற்றுகளை மேலே கொண்டுவரும். ஆனால் வந்தவர்களின் கருத்துதான் அது, ஊரின் கருத்து அல்ல. கடலுக்குப் போகிறவர் தட்டச்சு செய்ய உட்காரமாட்டார். பஞ்சாயத்தாரிடம் போய்க் கேட்டு, சொன்னபடியே பதிவேற்ற ஆள் வேண்டும்.

எழுத்து வரம்புள்ள கருவியில் தமிழுக்குக் கூடுதல் நெருக்கடி. ‘தூண்டில்’ நமக்கு நான்கு எழுத்து. கணினி எண்ணும் யூனிகோடு குறியீட்டுக் கணக்கில் எட்டு. நம் எழுத்துக் கணக்கில் வரம்பில் பாதிக்குள் கூற்றை முடித்துவிடுவது நல்லது.