டார்ச் அடித்துக் கல் வாங்காதீர்கள்

மறுபடியும் ஒருவர் வீடியோ அனுப்பியிருக்கிறார். உள்ளங்கையில் கரட்டுக்கல் (இன்னும் வெட்டாத ரத்தினக்கல்), அதற்கு அடியில் செல்போன் டார்ச், கல் முழுக்க ஒளிர்கிறது. கூடவே வழக்கமான கேள்வி: "பட்டை தீட்டினா எத்தனை கேரட் நிக்கும்?" பாதி நேரம் இந்தக் கேள்வி வருவது பணத்தைக் கொடுத்து முடித்த பிறகுதான். பதில் கேட்கிறவருக்கும் கசப்பு, சொல்கிறவருக்கும் கசப்பு.

முதலில் அந்த டார்ச்சை அணையுங்கள். மோதிரத்தில் பதித்த கல்லுக்குப் பின்னால் நின்று யாரும் டார்ச் பிடிக்கப் போவதில்லை. வெளிச்சம் மேலிருந்து உள்ளே இறங்கி, அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி, மறுபடி மேலே வந்தால்தான் கல் மின்னும். பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம் இதில் எதையும் சோதிப்பதில்லை. அதைவிட முக்கியமானது, பல்பு மாதிரி ஒளிர்வது சுத்தத்தின் அடையாளமே அல்ல. பால் கண்ணாடி பல்பு ஏன் முழுதாக ஒளிர்கிறது? அந்தக் கண்ணாடி ஒளியைச் சிதறடிக்கிறது. கல்லிலும் அப்படித்தான். உள்ளே பால் படலமும் நுண்துகளும் வெடிப்பும் நிறைந்திருந்தால் ஒளி சிதறி, கல்லெங்கும் அழகாகப் பரவும். மேல்தோல் சொரசொரப்பாக இருந்தாலே போதும், அதுவும் ஒளிரும். ஆக, அந்த வீடியோவிலிருந்து தெரிவது ஒன்றுதான்: அது கருங்கல் ஜல்லி இல்லை.

கருஞ்சிவப்புக் கல்லான கார்னெட்டில் இந்த ஏமாற்றம் இன்னும் மோசம். டார்ச் மேல் வைத்தால் மாதுளை முத்து மாதிரி சிவக்கும். பட்டை தீட்டி மோதிரத்தில் வைத்தால் கரி. ஒளி உள்ளே போய்த் திரும்புவதால், கல்லின் உயரத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் அதற்குள் பயணிக்கிறது. நிறமும் அதற்கேற்ப அடர்ந்துவிடும். கல்லை வெள்ளைத்தாளில் வைத்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் மேலிருந்து பாருங்கள். அப்போதே கறுப்பாகத் தெரிந்தால் சின்னச் சின்னக் கல்லாகத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

சரி, உள்ளே எப்படிப் பார்ப்பது? மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் வாங்கிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கல்லை முக்குங்கள். தண்ணீரைவிட இதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) அதிகம், சுமார் 1.47. குவார்ட்ஸ் 1.54, வெளிர்நீல அக்வாமரைன் 1.57 வாக்கில். எண்கள் நெருங்க நெருங்கக் கல்லின் சொரசொரப்புத் தோல் மறைந்து உள்புறம் தெரியும். மேல்வரை வந்திருக்கும் வெடிப்பில் எண்ணெய் புகுந்து அதை மறைத்துவிடும், ஆகவே முதலில் உலர்ந்த கல்லைப் பார்த்துவிட்டு அப்புறம் முக்குங்கள். விற்பவர் கல்லை எண்ணெயில் நனைத்தே நீட்டினால், துடைத்துத் தரச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். இப்போது டார்ச்சை எடுக்கலாம், ஆனால் பக்கவாட்டில். பின்னால் கறுப்புத் துணி. கல்லை மெல்லத் திருப்பினால் வெடிப்புகள் கண்ணாடித் துண்டு போலச் சட்டென்று மின்னும், துகள்கள் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கையில் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கண்ணருகே பிடிக்கும் உருப்பெருக்கி) இருக்கட்டும்.

"பட்டை போட்டா கீறல் போயிடும்" என்பது அடுத்த பல்லவி. ஓரத்தில் இருக்கும் கீறல் தேய்த்தால் போகும். நடுவில் குறுக்கே ஓடும் வெடிப்பு போகாது, கல்தான் இரண்டாகப் போகும். வெட்டுவதற்காகக் குச்சியில் அரக்கால் ஒட்டச் சூடு காட்டும்போதே பிளந்துவிடும் கல்லும் உண்டு. உள்ளே திரவக்குமிழ் உள்ளவற்றைச் சூடில்லாமல் பசையில் ஒட்டுவதுதான் பிழைக்கும் வழி.

அடுத்தது வடிவம். வட்டக் கல்லுக்கு அகலத்தில் ஏறத்தாழ 63 சதவீதம் உயரம் வேண்டும். 10 மி.மீ. அகலமுள்ள கல் வேண்டுமானால், தேய்மானமும் சேர்த்து 7 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள கரடு தேவை. பிஸ்கட் மாதிரித் தட்டையாக இருந்தால் அடிப்பட்டையின் கோணம் குறைந்து, ஒளி திரும்பாமல் ஒழுகிவிடும். நடுவில் ஓட்டை போல விரல் தெரியும். ஒளி ஒழுகாமல் திரும்பத் தேவையான குறைந்தபட்சக் கோணத்தை எல்லைக்கோணம் என்பார்கள். அக்வாமரைனுக்கு அது சுமார் 39.5 டிகிரி, அதற்கு மேல் இரண்டு மூன்று டிகிரி வைத்து வெட்டுவது வழக்கம். எடை கணக்கையும் போட்டுவிடுங்கள்: 10 கிராம் என்றால் 50 கேரட். நல்ல கரட்டில் 20 முதல் 30 சதவீதம் நிற்கும், அதாவது 10 முதல் 15 கேரட். 50 கேரட் கிடைக்கும் என்று நினைத்து விலை பேசுகிறவர்களை என்ன சொல்ல!

நிறம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். காங்கேயம், கரூர் வட்டாரத்து அக்வாமரைனையும், ஊதா கலந்த நீலக் கல்லான அயோலைட்டையும் ஒரே மாதிரி வெட்டினால் ஒன்று வீண். அக்வாமரைனுக்கு நீலம் படிகத்தின் பக்கவாட்டில், அயோலைட்டுக்கு அதன் நீளவாக்கில். அயோலைட்டைத் தப்பாகத் திருப்பினால் வெளிறிய மஞ்சள்தான் மிஞ்சும். நீலக்கல்லுக்கும் நீளவாக்கில்தான் நல்ல நீலம், ஆனால் அதற்காகத் திருப்பினால் எடை குறையும். எடையா நிறமா என்று வெட்டுபவரோடு முதலிலேயே பேசிவிடுங்கள், பிறகு சண்டை வேண்டாம். இலங்கையில் 'ஒட்டு' என்று சொல்லும் நீலக்கல்லில் நிறம் ஒரு திட்டாக மட்டும் இருக்கும். அந்தத் திட்டை அடிமுனையில் வைத்து வெட்டினால் கல் முழுக்க நீலமாகத் தெரியும், ஓரத்தில் விட்டால் பாதிக் கல் வெறுமை. அந்தத் திட்டின் மேலேயே வெடிப்பு ஓடினால் வாங்காதீர்கள்.

டோபாஸுக்குப் பிளவுத்தளம் உண்டு, அதாவது அது எளிதாகப் பிளக்கும் ஒரு திசை. மேல்தட்டை (கல்லின் மேலுள்ள பெரிய தட்டை முகத்தை) அதற்கு இணையாக வைத்தால் மெருகு ஏறாது, ஐந்து டிகிரியாவது சாய்க்க வேண்டும். சந்திரகாந்தக்கல்லைப் பட்டை தீட்டக் கொண்டுவர வேண்டாம், தயவுசெய்து. அதன் ஒளி வளைந்த மேற்பரப்பில்தான் மிதக்கும், பட்டை இல்லாமல் மேல்புறம் உருண்டையாக வெட்டுங்கள்.

சுரங்கத்துக்கே போய் வாங்கினால் அசல் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 1902-இல் வெர்னூயில் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அறிவித்த முறையில் இன்றும் செயற்கை நீலக்கல்லும் கெம்பும் தயாராகின்றன. அதை உடைத்து உருட்டி, ஆற்றுக்கல் மாதிரி மண் பூசி விற்பார்கள். உள்ளே குற்றமே இல்லாத பெரிய கல் மலிவாகக் கிடைத்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். லூப்பில் வளைந்த கோடுகளோ உருண்டைக் குமிழிகளோ தெரிகின்றனவா என்று தேடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் தீர்மானம் வரவில்லையா? 600 கிரிட் (தேய்க்கும் துகளின் நுண்மை அளவு) தகட்டில் நாலு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு முகத்தை மட்டும் தேய்த்துத் தண்ணீர் தொட்டுப் பார்க்கலாம், எடை பெரிதாகக் குறையாது. அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் கல்லை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.