குத்தகை: லீஸுக்கு ஏற்ற சொல்

2018 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம், துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் தீவில் சுமார் 18 ஏக்கரை ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு லீஸ் விட ஒப்புதல் தந்தது. முன்பு கப்பல் கட்டிய இடம் அது. அங்கே கட்ட நினைத்த ராக்கெட்டின் விட்டமே 9 மீட்டர். சாலையில் கொண்டுபோவது பெரும்பாடு, கடல்வழிதான் தோது.

இந்த லீஸைத் தமிழில் குத்தகை என்பதே சரி. வாடகை என்றால் வீடும் கடையும்தான் நினைவுக்கு வரும். ஒப்பந்தம் மிகப் பொதுவான சொல். எதற்கு ஒப்பந்தம் என்று அடுத்த கேள்வி வரும்.

லீஸ் என்ற ஆங்கிலச் சொல், விடுதல் என்ற பொருள் கொண்ட பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. நாமும் குத்தகைக்கு 'விடுகிறோம்' என்றுதானே சொல்கிறோம்! குத்தகை தென்னாட்டு மொழிகளுக்குப் பொதுச்சொத்து. கன்னடத்தில் குத்திகெ என்றால் காண்டிராக்ட், தெலுங்கில் குத்தேதாரு என்றால் காண்டிராக்டர். மலையாளத்தில் குத்தக என்பது ஏகபோகத்தைக் குறிக்கும். 'அறிவையெல்லாம் இவர்தான் குத்தகைக்கு எடுத்த மாதிரி' என்று நாம் கேலி பேசும்போதும் அந்த ஏகபோகச் சாயல்தான்.

இந்தச் சொல்லின் அர்த்தத்துக்கு உயிர், வயலில் இருக்கிறது. நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைந்ததில் பங்கு. விளைச்சல் குறைந்தால் நிலக்காரருக்கும் குறையும். குத்தகை அப்படியில்லை. இத்தனை மூட்டை, அல்லது இவ்வளவு பணம் என்று முன்னாலேயே பேசி முடித்துவிடுவார்கள். மழை பொய்த்தாலும் அளந்துதான் ஆக வேண்டும் (இரக்கப்பட்டுத் தள்ளுபடி செய்தால் அது வேறு கதை). ஊராட்சி புளியமரத்தையும் ஏரி மீனையும் ஏலக் குத்தகைக்கு விடுவதும் இதே முறைதான்.

லாஸ் ஏஞ்சலஸ் கணக்கும் அதுதான். ராக்கெட் பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆண்டுக்கு 13.8 லட்சம் டாலர். காலம் 10 ஆண்டு, அப்புறம் இரண்டு முறை பத்துப் பத்து ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் இடத்தைச் சீரமைக்கும் செலவைக் குத்தகைத் தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. என்னைக் கேட்டால், பொதுச்சொத்துக் குத்தகையில் முதலில் படிக்க வேண்டியது ஆண்டுத் தொகையை அல்ல, இந்தக் கழிவைத்தான்.

2019 தொடக்கத்தில் நிறுவனம் டெக்சாஸ் பக்கம் போய்விட்டது. 2020 பிப்ரவரியில் திரும்பி வந்து 12.5 ஏக்கர் கேட்டது. மன்றமும் சரி என்றது. அடுத்த மாதமே நிறுவனம் மறுபடியும் விலகிக்கொண்டது.

சென்னையில் மொத்தப் பணம் கொடுத்து வீடு எடுத்து, காலி செய்யும்போது அதை முழுசாகத் திரும்ப வாங்குவதையும் லீஸ் என்கிறார்கள். அது குத்தகை ஆகாது. அதற்கு ஒற்றி, போகியம் என்ற சொற்கள் இருக்கின்றன. இன்னொன்று, செய்தித் தலைப்புகளில் வரும் 'தாரைவார்ப்பு'. நீர் வார்த்து உரிமையையே கொடுத்துவிடுவது அது. அந்தத் துறைமுகக் கரை நிலமோ 1911-இல் கலிஃபோர்னியா மாநிலம் மக்கள் பொருட்டு நகரத்திடம் ஒப்படைத்தது. அதைக் குத்தகைக்கு விடலாம், தாரைவார்க்க முடியாது.