ஈக்வலைசர்: ஏற்றுவதற்கு முன் இறக்கிப் பாருங்கள்

வேலூர் வட்டாரக் கல்யாண மண்டபங்களில் மைக் செட் போடப் போனால், அங்கிருக்கும் ஈக்வலைசர் (ஒலியைத் தாழ்ந்தது முதல் கூர்மையானது வரை பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் நிற்கும்: இரண்டு ஓரங்களும் உச்சியில், நடுப்பகுதி பள்ளத்தில். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி நெஞ்சை அதிர வைக்கும். வாழ்த்திப் பேசுகிறவர் என்ன சொன்னார் என்பது மட்டும் யாருக்கும் விளங்காது. பேச்சின் தெளிவு கிடப்பதே அந்தப் பள்ளத்தில்தான். மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் ஒலிகளில் பெரும்பகுதி 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரை இருக்கிறது.

10 பட்டைக் கருவியில் 31.5, 63, 125, 250 ஹெர்ட்ஸ் என ஒவ்வொரு பட்டையும் முந்தையதைப்போல் இருமடங்கு. 31 பட்டைக் கருவியில் அந்த இடைவெளி மூன்றாகப் பிரிந்திருக்கும். பட்டைகளுக்கு நடுவே சுவர் கிடையாது. 250ஐ இறக்கினால் 200, 315 இரண்டும் கொஞ்சம் சேர்ந்தே இறங்கும்.

ஒரு பட்டையை 12 டெசிபல் (ஒலி அளவைக் குறிக்கும் அலகு) ஏற்றினால் அதற்கு ஏறத்தாழ 16 மடங்கு மின்திறன் வேண்டும். அதாவது 63இல் 10 வாட் தந்துகொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரிடம் 160 வாட் கேட்கிறீர்கள். தர முடியாதபோது அலையின் முனை வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும், பல நேரம் ட்வீட்டர் (கூர்மையான ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) கருகும். அதனால்தான் இறக்கச் சொல்கிறேன். மைக் ஊளையிட்டால் மொத்த ஒலியையும் குறைக்க வேண்டியதில்லை. ஒலியை மெல்லக் கூட்டி, ஊளை தொடங்கும் பட்டையைக் கண்டுபிடித்து, அதை மட்டும் 3 முதல் 6 டெசிபல் வரை இறக்கினால் போதும்.

தெருக்கூத்து மேடையில் கதை வேறு. முகவீணை என்னும் சிறு ஊதுகருவி காதைத் துளைக்கிறது என்று ஈக்வலைசரில் 3,150ஐ இறக்கினால், கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் வசனமும் சேர்ந்து மழுங்கிவிடும். மொத்த ஒலிக்கும் பொதுவான கருவிக்கு முகவீணை எது, குரல் எது என்று தெரியாது. முகவீணைக்காரரின் மைக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள். டைல்ஸ் பதித்த மண்டபத்தின் எதிரொலியையும் எந்தப் பட்டையாலும் போக்க முடியாது. ஸ்பீக்கரைச் சுவரை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திருப்பினால் ஓரளவு தணியும்.

திருவிழாக்களில் கம்பத்தில் கட்டும் கூம்பு ஹாரனுக்கு வேறொரு எச்சரிக்கை. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் ஒழுங்காக ஒலிக்க முடியாது. அங்கே பேஸை ஏற்றினால் ஒலி அதிகமாகாது. உள்ளிருந்து ஒலி எழுப்பும் யூனிட்தான் அடிபடும். ஹாரன் மட்டும் கட்டும் நாளில் 250க்குக் கீழுள்ள பட்டைகளை முழுக்க இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.