‘வேட்டைச் சலுகை’ என்று எழுதாதீர்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவைப் பற்றித் தமிழில் ஒரு செய்தித் துணுக்கு வந்தாலும் சரி, விலங்குகள் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்தாலும் சரி, இப்படி ஒரு வரி எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது: ‘பூங்காவிலிருந்து தப்பி வெளியேறும் காட்டெருமைகளை வேட்டையாடப் பழங்குடியினருக்கு அரசு சலுகை வழங்கியுள்ளது.’ கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இதில் ‘தப்பி’ தவறு, ‘காட்டெருமை’ தவறு, ‘வழங்கியுள்ளது’ தவறு. எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ‘சலுகை’.

விலங்கின் பெயரை முதலில் முடித்துவிடுகிறேன். ‘பைசன்’ ஜெர்மானிய மொழிகளில் பிறந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அமெரிக்காவில் குடியேறியவர்கள் அதை ‘பஃபலோ’ என்றும் அழைத்தார்கள், இன்றும் அங்கே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது எருமை இல்லை. உயர்ந்த திமிலும் தாடியும் அடர்ந்த மயிரும் கொண்ட வேறொரு மாட்டினம். உண்மையான காட்டெருமையைப் பார்க்க அசாமின் காசிரங்காவுக்குப் போகவேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மேய்வது காட்டுமாடு; சங்கப் பாட்டில் அதற்கு ‘ஆமா’ என்று பெயர். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதை ‘இந்தியன் பைசன்’ என்றார்கள். நம்மவர்கள் அதைக் காட்டெருமை என்றார்கள். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இப்போது அமெரிக்க விலங்கும் காட்டெருமை ஆகிவிட்டது. மூன்று விலங்குக்கு ஒரே பெயர். பைசன் என்றே எழுதலாம், தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது.

‘தப்பி’ என்பதும் அப்படித்தான். குளிர்காலத்தில் யெல்லோஸ்டோன் மேட்டுநிலத்தில் பனி ஆழமாகப் படிந்து புல்லை மூடிவிடுகிறது. பைசன்கள் தலையால் பனியைத் துழாவி ஒதுக்கி மேய்கின்றன. அதுவும் முடியாதபோது தாழ்ந்த பள்ளத்தாக்குகளை நோக்கி நடக்கின்றன. வடக்கே கார்டினர் பக்கம், மேற்கே ஹெப்கன் ஏரிப் பக்கம். வழியில் பூங்காவின் எல்லைக்கோடு குறுக்கிடுகிறது. இதற்கு நம்மிடம் ‘வலசை’ என்ற அருமையான சொல் இருக்கிறது. பறவைக்கும் யானைக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம், பைசனுக்கு மட்டும் சிறையிலிருந்து தப்பிய கைதியின் வினைச்சொல்லைத் தருகிறோம்.

சரி, வேட்டைக்கு வருவோம். பூங்கா 1872இல் உருவானது. 1894இல் வந்த சட்டம் அதற்குள் வேட்டையைக் கடுமையாகத் தடுத்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1902 வாக்கில் அங்கே மிஞ்சிய காட்டு பைசன்கள் இரண்டு டஜன் அளவுதான். அங்கிருந்து பெருகி இன்று சில ஆயிரங்களாக நிற்கின்றன. எல்லையைத் தாண்டினால் மொன்டானா மாநிலம். அங்கே கால்நடை வளர்ப்போருக்கு ஒரு பயம்: பைசன் மந்தையில் இருக்கும் கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லோசிஸ், தங்கள் மாடுகளுக்குத் தொற்றிவிடும் என்று. இந்த நோய் பைசன்களுக்கு வந்ததே குடியேறிகளின் மாடுகளிலிருந்துதான். அதே நோயைச் சுமக்கும் எல்க் மான்கள் எல்லையை இஷ்டம்போலத் தாண்டுகின்றன, பைசனுக்குத்தான் இத்தனை கெடுபிடி. மாநில அரசு 1980களில் பைசன் வேட்டை நடத்தியது, கண்டனம் எழுந்ததால் 1991இல் நிறுத்தியது, 2005இல் மீண்டும் தொடங்கியது. அந்தக் குளிர்காலத்திலேயே நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்கள், தங்கள் முன்னோர் அமெரிக்க அரசோடு செய்த உடன்படிக்கையின் பேரில் வேட்டைக்கு வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து சாலிஷ் – கூட்டெனாய், உமட்டில்லா, ஷோஷோன் – பானாக், யாகமா, பிளாக்ஃபீட் என்று ஒவ்வொரு மக்களாக வந்தார்கள்.

நம் செய்திகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. மாநிலம் வேட்டையைத் திறந்தது, பூர்வகுடிகளும் வந்தார்கள். எனவே மாநிலம் அவர்களுக்கும் ஏதோ தந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கையிலிருந்த தாள் 1855ஆம் ஆண்டு உடன்படிக்கைத் தாள், ஷோஷோன் – பானாக் மக்களுடையது 1868. மொன்டானா மாநிலமாக ஆனது 1889இல். பிறக்காத மாநிலம் எப்படிச் சலுகை வழங்கும்?

சலுகை என்றால் என்ன? வரிச் சலுகை, கட்டணச் சலுகை, அப்பாவிடம் கடைக்குட்டிக்கு இருக்கும் சலுகை. மேலே இருப்பவர் இரங்கிக் கொடுப்பது, கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்வது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் ஒரு அறிவிப்பில் நிறுத்தினார்கள். சலுகை என்பதால் நிறுத்த முடிந்தது. உரிமை வேறு வகை. ‘உரி’ என்ற அடியிலிருந்து உரிய, உரியவர், உரித்து, உரிமை என்று வருவது. ஒருவருக்கு உரியதாக இருக்கும் தன்மை. அதில் கொடுப்பவர் என்ற ஆளே கிடையாது.

1855இல் நடந்தது இதுதான். வாஷிங்டன் பிரதேச ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் வால்லா வால்லாவில் நெஸ் பெர்ஸ், உமட்டில்லா, யாகமா மக்களோடு உடன்படிக்கைகள் செய்தார். மிகப் பெரிய நிலப்பரப்பை அவர்கள் அமெரிக்காவுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே, மீன் பிடிப்பதையும் வேட்டையாடுவதையும் கிழங்கும் கனியும் சேர்ப்பதையும் நாங்கள் விடமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். நம் ஊர்ப் பத்திர எழுத்தரிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். ஒரு தகப்பனார் மகனுக்கு வீட்டை செட்டில்மெண்ட் எழுதிவைக்கிறார். ‘என் ஆயுள்காலம் வரை நானே குடியிருந்து அனுபவித்துக்கொள்வேன்’ என்று ஒரு வரியும் சேர்க்கிறார். அப்புறம் அந்த வீட்டில் அவர் குடியிருப்பதை மகன் காட்டிய சலுகை என்று எவராவது சொன்னால் சும்மா இருப்போமா?

அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1905இல் வைனன்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. யாகமா மக்களின் மீன்பிடி பற்றிய வழக்கு அது. உடன்படிக்கை அந்த மக்களுக்கு உரிமைகளைத் தந்த ஆவணம் இல்லை. அவர்களிடமிருந்து உரிமைகள் பெறப்பட்ட ஆவணம். கொடுக்காதவை அவர்களிடமே நின்றன என்பது தீர்ப்பின் சாரம். இதற்கு ஆங்கிலச் சட்ட மொழியில் ‘ரிசர்வ்டு ரைட்’ என்று பெயர்.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். நெஸ் பெர்ஸ் உடன்படிக்கையின் ஆங்கில வாசகத்திலேயே வேட்டையைக் குறிக்க ‘ப்ரிவிலெஜ்’ என்ற சொல் இருக்கிறது, அதைச் சலுகை என்று பெயர்த்தால் என்ன தப்பு என்று கேட்கலாம். அதே காலத்துப் பிற உடன்படிக்கைகளைப் பாருங்கள். ஷோஷோன் – பானாக் மக்களின் 1868ஆம் ஆண்டு ஃபோர்ட் பிரிட்ஜர் உடன்படிக்கையும், அதே ஆண்டு க்ரோ மக்கள் செய்த உடன்படிக்கையும் ‘ரைட்’ என்றே சொல்கின்றன. எழுதிய அதிகாரியின் கைப்போக்கில் சொல் மாறுகிறது, நடந்த கொடுக்கல் வாங்கல் மாறவில்லை. மேலும், இந்த உடன்படிக்கைகளை அன்று கையெழுத்திட்ட பூர்வகுடிகள் எப்படிப் புரிந்துகொண்டார்களோ அப்படித்தான் படிக்கவேண்டும் என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் நெடுநாள் விதி. மண்ணைக் கொடுத்தவர்கள், அந்த மண்ணில் வேட்டையை இரவலாக வாங்கிக்கொண்டோம் என்று புரிந்துகொண்டிருப்பார்களா?

‘சலுகை’ வாதம் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. 1896இல் ரேஸ் ஹார்ஸ் என்பவரின் வழக்கு. பானாக் குடியைச் சேர்ந்த அவர் வயோமிங்கில் எல்க் மான்களைச் சுட்டார். வயோமிங் மாநிலமாகிவிட்டதால் உடன்படிக்கை வேட்டை முடிந்துபோனது, அது தற்காலிகமானது, நிலையற்றது என்று உச்ச நீதிமன்றம் அன்று சொன்னது. உரிமையைச் சலுகையாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2019இல் ஹெரேரா வழக்கு வந்தது. க்ரோ குடியைச் சேர்ந்தவர், பிக்ஹார்ன் தேசிய வனம், மறுபடியும் எல்க், மறுபடியும் வயோமிங். மாநிலம் பிறந்ததால் உடன்படிக்கை உரிமை செத்துப்போகாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ரேஸ் ஹார்ஸ் வாதத்தை நீதிமன்றமே கைகழுவியது. பூர்வகுடிகள் நூறு ஆண்டுக்கு மேல் போராடிக் களைந்த வாதத்தை நாம் ஒரு அவசர மொழிபெயர்ப்பில் மீண்டும் உயிர்ப்பிக்கிறோம். எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சலுகையை விட்டவர்கள் அடுத்து ‘ஒதுக்கப்பட்ட உரிமை’ என்று போகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, அகராதியில் ‘ரிசர்வ்’ என்பதற்கு ஒதுக்கு என்றுதான் இருக்கிறது. ஆனால் தமிழில் ஒதுக்கீடு என்றால் என்ன நினைவுக்கு வருகிறது? கல்லூரி இட ஒதுக்கீடு, வீட்டுமனை ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு. ஒதுக்குபவர் அரசு, பெறுபவர் குடிமகன். ஆங்கிலத்தில் தனக்கென்று வைத்துக்கொண்டவர் பூர்வகுடி. தமிழில் ஒதுக்கித் தந்தவர் அரசு. திசையே தலைகீழாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்து பொருள் முழுக்கத் தவறாக இருப்பது இப்படித்தான். ‘பாதுகாக்கப்பட்ட உரிமை’ என்பதும் உதவாது, அதிலும் பாதுகாத்தவர் வேறு யாரோ.

என் பரிந்துரை ‘விட்டுக்கொடாத உரிமை’. யார் செய்தது என்ற கேள்விக்கே இடமில்லை, உரியவரே விட்டுக்கொடாமல் வைத்திருந்தார். இரண்டு சொல்லாக இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். சுருக்கத்துக்காகப் பொருளைக் கெடுப்பதைவிட ஒரு சொல் நீளமாக எழுதுவது மேல். சுருக்கமாகச் சொல்லவேண்டிய இடத்தில் ‘உடன்படிக்கை வேட்டையுரிமை’ அல்லது வெறும் ‘வேட்டையுரிமை’ போதும். பழைய பத்திரங்களில் உள்ள ‘பாத்தியதை’ என்ற சொல்லும் பொருளுக்குப் பொருந்தும். வடமொழி வழி வந்தது என்று சிலர் தள்ளுவார்கள். ‘வேட்டை ஒதுக்கீடு’ என்ற தனித்தமிழைவிட ‘வேட்டைப் பாத்தியதை’ ஆயிரம் மடங்கு நேர்மையானது என்பேன். ஆனால் உரிமை இருக்கும்போது அதற்குத் தேவை இல்லை.

‘அனுமதி’ என்ற சொல்லை நான் விரட்டவில்லை, அதற்கும் இங்கே இடம் இருக்கிறது. மொன்டானாவின் சாதாரண வேட்டைக்காரர் குலுக்கலில் பெயர் வந்தால் சீட்டு வாங்குகிறார். அது அனுமதி. நெஸ் பெர்ஸ் குடியைச் சேர்ந்தவருக்கு அவருடைய குடியின் அரசே வேட்டை விதி வகுத்துச் சீட்டுத் தருகிறது. அதுவும் அனுமதிதான், ஆனால் கொடுப்பது அவர் சொந்த அரசு. பூங்காவின் வட எல்லையை ஒட்டிய பீட்டி கல்ச் என்ற குறுகலான இடத்தில் இரண்டு வகை ஆட்களும் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள். பைசன்கள் கோட்டைத் தாண்டியதும் சுடுகிறார்கள், பனியிலேயே தோலுரித்து இறைச்சியை வண்டியில் ஏற்றுகிறார்கள். குடல் குவியல்கள் அங்கேயே கிடக்கின்றன. பார்ப்பவருக்கு எல்லாரும் ஒரே மாதிரி வேட்டைக்காரர்கள். ஒருவர் கையில் இருப்பது அனுமதி, இன்னொருவர் கையில் இருப்பது உரிமை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அங்கே நடக்கும் தகராறு எதுவுமே வாசகருக்குப் புரியாது.

உரிமை என்பதால் கட்டுப்பாடே இல்லை என்று பொருள் இல்லை. கடும் பனி விழுந்த 2022–23 குளிர்காலத்தில் வேட்டையில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பைசன்கள் செத்தன. அந்தக் குறுகிய இடத்தில் அத்தனை துப்பாக்கிகள் ஆபத்து என்று அக்கம்பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள், மந்தை தாங்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. எனக்கும் அந்த இடத்தில் அந்த மாதிரி வேட்டை உவப்பாக இல்லை. இனத்தைக் காக்க வேண்டிய அளவுக்கு உரிமைக்கும் வரம்பு வைக்கலாம் என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் வரம்பு பற்றி யாரோடு பேசவேண்டும் என்பதை அந்தச் சொல்தான் தீர்மானிக்கிறது. சலுகை பெற்றவருக்கு உத்தரவு போகும். உரிமை உள்ளவரோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

நம் மொழிபெயர்ப்பாளர்களின் இந்தக் கோளாறு அமெரிக்காவோடு நிற்பதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘அங்கீகரித்தல்’ என்ற சொல் இருக்கிறது. முன்பே இருந்த உரிமையை அரசு ஏற்றுக்கொள்கிறது என்று பொருள். (வேட்டை அதில் சேராது, சட்டமே விலக்கிவைத்திருக்கிறது.) செய்தியில் அது ‘பழங்குடியினருக்கு வன உரிமை வழங்கப்பட்டது’ ஆகிவிடுகிறது. யார் எதைப் பெற்றாலும் ‘வழங்கப்பட்டது’ என்று முடிக்கும் பழக்கம் அலுவலகத் தமிழிலிருந்து நமக்குத் தொற்றியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்த வேட்டையுரிமை எந்த நிலத்தில் செல்லும் என்பதற்கு உடன்படிக்கைகளில் இரண்டு தொடர்கள் வருகின்றன. 1855இல் ‘ஓபன் அண்ட் அன்கிளெய்ம்டு’, 1868இல் ‘அன்ஆக்குபைடு’. இரண்டையும் ‘ஆளில்லா நிலம்’ என்று பெயர்ப்பது அபத்தம். அங்கே ஆள் இருந்தார்கள், அந்த ஆட்கள்தான் கையெழுத்துப் போட்டவர்கள். ‘புறம்போக்கு’ என்று போட்டால் ஏரியும் சாலையும் நம் வருவாய்த்துறைக் கணக்கும் கண்முன் வந்துவிடும். ஹெரேரா தீர்ப்பு இரண்டாவது தொடரைக் குடியேறிகள் வந்து தங்காத நிலம் என்ற பொருளில் படித்தது. எனவே அதற்குக் ‘குடியேற்றம் நடக்காத நிலம்’ என்றும், முதலாவதற்கு ‘எவரும் உரிமை கோராத திறந்தவெளி’ என்றும் எழுதலாம். பீட்டி கல்ச் தேசிய வனத்துறையின் கையில் இருக்கும் நிலம். பைசன் பூங்காவை விட்டு அங்கே கால் வைக்கும்போது அந்த 1855ஆம் ஆண்டுத் தொடர் நடைமுறைக்கு வந்துவிடுகிறது.