வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?

இந்த வாரமும் பட்டறையில் ஒரு இன்ஜின் திறந்து கிடக்கிறது. 5 வயது வண்டி. மீட்டரில் 14,000 கிலோமீட்டர்தான். வெளியே ஒரு கீறல் கிடையாது. சீட்டோடு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஆனால் இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரைக் கழற்றினால், வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம்ஷாஃப்ட் இருக்கிற இடமே தெரியாத அளவுக்குத் தார் மாதிரி கெட்டியாகக் கறுப்புப் படிவு. அடியில் ஆயில் தேங்குகிற சேம்பரை இறக்கினால், ஆயிலை வடிகட்டுகிற ஸ்ட்ரெய்னர் வலையிலும் அதேதான் அப்பிக்கிடக்கிறது. பம்ப்புக்கு ஆயில் ஏற வழியே இல்லை. பேரிங் போய், இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் சுழல முடியாமல் ஜாம்.

வண்டிக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "நான் வண்டியை வெளியவே எடுக்கிறதில்லையே தம்பி, அப்புறம் எப்படி இப்படி ஆகும்?"

இலவச சர்வீஸ் முடிந்தபோது மீட்டரில் 6,000. அடுத்தது 16,000-ல்தானே, ஓடட்டும் பார்த்துக்கலாம் என்று இருந்துவிட்டார். கடைக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் அந்த 16,000 எந்தக் காலத்தில் வரும்?

இதே கதையை ஆள் மாற்றி, வண்டி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாடகைக்கு ஓடி 2 லட்சம் தாண்டிய வண்டியைத் திறந்தால் உள்ளே பளிச்சென்று இருக்கும். தினமும் நன்றாகச் சூடேறி ஓடுகிறது, ஆயிலும் நேரத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான் ரகசியம். பொத்திப் பொத்தி வைத்த வண்டிதான் டோ வண்டியில் தொங்கிக்கொண்டு வருகிறது.

ஓட ஓடத்தான் ஆயில் கெடும் என்று நினைக்கிறார்கள். பாதிதான் சரி. பெட்ரோல் எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கிற இடத்துக்கு வரும். இன்ஜின் நன்றாகச் சூடாக இருந்தால் அந்த ஈரமும் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் வண்டியை அணைத்தால்? அங்கேயே தங்கி ஆயிலோடு கலக்கும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலும் கூடுதலாகப் போகிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து அதே ஆயிலில் சேரும். ஈரம், பெட்ரோல், புகைக்கரி எல்லாம் சேர்ந்து அமிலமாகவும் கசடாகவும் மாறும். இதற்கு மீட்டர் ஓடத் தேவையில்லை, நாள் ஓடினால் போதும்.

"டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துடுச்சே" என்பார்கள். அது கூலண்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவத்தின் சூடு. ஆயில் முழுச் சூட்டுக்கு வர அதைவிட அதிக நேரம் பிடிக்கும். வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பாருங்கள் (டேஷ்போர்டில் உறை பிரிக்காமல் இருக்கும்). அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவதைக் கடுமையான பயன்பாடு என்ற தலைப்பில்தான் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, தூசியில் ஓட்டுவதோடும் பாரம் இழுப்பதோடும் சேர்த்து. அப்படி ஓட்டினால் ஆயிலை இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருக்கும். நீங்கள் வண்டிக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

அதே கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருக்கும். எண் வண்டிக்கு வண்டி மாறலாம், அந்தக் கடைசித் துண்டு மாறாது. எல்லோரும் 10,000-ஐப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இதில் எங்கள் தொழில்காரர்கள் மேலும் தப்பு இருக்கிறது. சர்வீஸ் முடித்து ஒட்டுகிற ஸ்டிக்கரில் அடுத்த கிலோமீட்டரை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். தேதியையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பட்டறையில் திறந்து கிடக்கிற இந்த வண்டியில் சிவப்பு ஆயில் விளக்கு ஒரு மாதமாக எரிந்திருக்கிறது. நிற்கும்போது எரியும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணையும். சென்சார் கோளாறு என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். இருக்கலாம், ஆனால் அதை அளந்து பார்த்தவன்தான் சொல்ல வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கு பிரஷர் குறைந்ததைச் சொல்கிறது. எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணையுங்கள். பட்டறை வரை மெதுவாக ஓட்டிவிடலாம் என்று கிளம்பாதீர்கள்.

அடுத்து, எனக்கு இன்னும் எரிச்சல் தருகிற பழக்கம்: "தினமும் காலையில் 5 நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்." நல்ல எண்ணம்தான், ஆனால் செய்கிற காரியம் நேர் எதிர். ஸ்டார்ட் எடுக்க பேட்டரி பெரிய கரண்ட் கொடுத்திருக்கும், வண்டி நகராமல் ஐடிலில் ஓடுகிற 5 நிமிடத்தில் அது திரும்பி ஏறுவதே சந்தேகம். இன்ஜினும் சூடாகாது, மேலே சொன்ன ஈரம் தினம் ஒரு தவணை சேரும். டயரும் பிரேக்கும் கியர்பாக்ஸும் நகரவே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள், அது போதும். டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்துவைக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருந்தால் இது இன்னும் முக்கியம். அதில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும், தெருமுனை வரை போய் வந்தால் அது கிடைக்காது. இன்னொன்று, மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விடவே விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆள் போய்விடும். மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவைப்பது நல்லது. கழற்றினால் அலாரம், ஸ்டீரியோ என்ன ஆகும் என்று கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றி யாருமே கேட்பதில்லை. "லெவல் சரியா இருக்கே" என்பதோடு முடிந்துவிடுகிறது. லெவல் சரியாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கிறது பழசு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வண்டி ஓடினாலும் நின்றாலும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தாங்க வேண்டிய அளவு 155 ஆக இறங்கிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தால் சூடு அந்த அளவைத் தொட்டுவிடும். ஆயில் கொதித்தால் பிரேக் குழாயில் ஆவிக் குமிழி. ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. கீழே வந்து ஆறிய பிறகு பார்த்தால் பெடல் மறுபடி நன்றாக இருக்கும், "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று கொண்டுவருவார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றிவிடுங்கள். போன தடவை திறந்து மிச்சம் வைத்த டப்பாவை ஊற்ற விடாதீர்கள், அதுவும் ஈரம் குடித்துத்தான் இருக்கும். லெவல் குறைந்திருந்தால் மேலே ஊற்றி மறைக்காமல், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள்.

டயருக்கும் இதே கதைதான். சாலையைத் தொடுகிற பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ரப்பருக்கு வயதாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் 4 இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. 6 வருடம் தாண்டிவிட்டால் வருடம் தவறாமல் ஒருவரிடம் காட்டுங்கள், 10 வருடம் ஆனதை வெடிப்பே இல்லாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒருநாள்கூடச் சாலையைத் தொடாத ஸ்டெப்னி, இறக்கினால் காற்றே இல்லாமல் சப்பையாக வருவது எங்களுக்குச் சர்வசாதாரணம்.

காற்று எவ்வளவு வைப்பது என்பது பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். டயர் மேலேயே பொறித்திருக்கும் எண் அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடைக்காதீர்கள். டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது.

கூலண்டுக்கு நீளமாக எழுதப் போவதில்லை. குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், துருவும் உப்பும் படியும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். கூலண்டுக்கும் வருடக் கணக்கு உண்டு, துருப்பிடிக்காமல் காக்கிற மருந்து தீர்ந்துபோகும். வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற டைமிங் பெல்ட் இருக்கிற இன்ஜின் என்றால் அதற்கும் அப்படியே. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும், பிறகு இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்காமல் வேலை இல்லை.

ஒரு வேண்டுகோள், குறிப்பாகப் பெற்றோரின் வண்டியை வெளியூரில் இருந்தபடி பார்த்துக்கொள்கிற பிள்ளைகளுக்கு. அப்பா வண்டியை எடுப்பதே இல்லை என்று சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகிற நாளில் அந்த வண்டியைத்தான் எடுப்பார்கள்.

பல மாதம் நின்ற வண்டியை எடுக்கிறீர்களா? முதலில் சாவியைத் தொடாதீர்கள். தரையில் ஒழுகல் கறை இருக்கிறதா பாருங்கள். பானட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலைப் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் வெள்ளையும் பழுப்புமாகக் குழம்பு படிந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கூடவே கூலண்டும் குறைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஹெட்டுக்கு அடியில் ஒழுகாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். எல்லாம் சரி என்றால் காற்றை அளந்துவிட்டு, ஸ்டார்ட் செய்து, ஆளில்லாத இடத்தில் மெதுவாக நகர்த்திப் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதியுங்கள். டிஸ்க்கில் படிந்த லேசான துரு அதிலேயே போய்விடும். ஹேண்ட் பிரேக் இறக்கியும் சக்கரம் உருளவில்லை என்றால் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்துப் பிய்க்காதீர்கள். அடுத்த முறை அதிக நாள் நிறுத்தும்போது சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போடாமல் விடுங்கள்.

பிரேக் பெடல் தரை வரை அமுங்கினாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ அன்றைக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள். வேறு வண்டி பிடித்துப் போங்கள்.